வாயால் ஊதிய கண்டக்டர்

"காஸ மூடினவங்கல்லாம் கையத் தூக்குங்க!"

பேருந்து கடலூர் முதுநகர் நிறுத்தத்தை விட்டு இன்னும் இரண்டாம் கியருக்கு வரவில்லை. அதற்குள் இளவரசு முன்படிக்கும் பின்படிக்கும் நடுவில் நின்று கத்தியாகிவிட்டது. பழகின நாங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே கையைத் தூக்குகிறோம். புதிதாக ஏறியவர்கள் ஏதோ செக்கிங் போலிருக்கிறது என்று பையைத் துழாவுகிறார்கள். "டிக்கெட்டு அப்பறம்மா. மொதல்ல காஸு. ரெகுலேட்டர்ல மூடினியா, அடுப்புல மூடினியா?" என்று கேட்டதும் அவர்களில் ஒரு அம்மாள் முகத்தில் ஒரு யோசனை ஓடும். அந்த யோசனை ஒன்று போதும் இளவரசுக்கு. "எறங்கு. இப்பவே எறங்கு. பின்னாடியே அடுத்த வண்டி வருது. போயி பாத்துட்டு வந்து நிம்மதியா ஏறு" என்று பையை வாங்கி, இறக்கிவிட்டு, பையைக் கையில் கொடுத்த பிறகுதான் வண்டியை நகரவிடுவார்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்தில் இளவரசு கண்டக்டர். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. காற்று பலமாக அடித்தால் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. கழுத்தில் சிவப்பு நாடாவில் ஒரு விசில். அதை அவர் ஊதும் விதமே தனி. புறப்பட ஒரு விதம், நிற்க ஒரு விதம், டிரைவரிடம் "மாமா, முன்னாடி மாடு" என்பதற்கு ஒரு விதம். பேசும்போதுகூட விசில் பல்லிடுக்கில் இருக்கும். அதனால் 'ஸ'கரம் வரும் சொற்களெல்லாம் லேசாகச் சிணுங்கிக்கொண்டு வரும்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். தினமும் இந்த வண்டிதான். எங்கள் வீட்டில் கரண்ட் அடுப்பு என்பதால் ஆரம்பத்தில் கையைத் தூக்காமல் இருந்து பார்த்தேன். "டீச்சர், பிளக்க புடுங்கினீங்களா, சுவிட்ச மட்டும் நிறுத்தினீங்களா?" என்றார். பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று முதல் நானும் எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு கோட்பாடு இருக்கிறது. வீட்டைப் பூட்டும்போது யாருக்கும் அடுப்பு ஞாபகம் வராது. ஏறி, இடம் பிடித்து, பையை மடியில் வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டு முடித்த பிறகுதான் வரும். "ஒடம்பு மட்டுந்தான் முதுநகர்ல ஏறும் டீச்சர். மனசு ஆலப்பாக்கத்துலதான் வந்து ஏறும். ஏறுனதும், ஐயோ பால அடுப்புல வெச்சேனேன்னு கத்தும். அங்க வந்து கத்தி என்னா பிரயோஜனம்? அதான் நான் மனச முதுநகர்லயே ஏத்திடறேன்."

கேலியாகத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஆலப்பாக்கத்தில் எழுந்து நின்று அலறியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பெண் அழுதுகொண்டே அண்டை அயலார் எல்லோருக்கும் போன் போட்டாள். அவள் வீட்டுப் பாலுக்காக எங்கள் பேருந்தில் பாதிப் பேர் சாமி கும்பிட்டார்கள். கடைசியில் அவள் அன்று பாலே வாங்கவில்லை என்பது தெரிந்தது. சிரித்துக்கொண்டே சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம்.

காஸ் முடிந்தால் மோட்டார். மோட்டார் முடிந்தால் அயன் பாக்ஸ். இது முழுக்கைச் சட்டைக்காரர்களுக்கு மட்டும். சட்டையைத் தொட்டுப் பார்த்தே கேட்பார். "மடிப்பு இன்னும் சூடா இருக்குது தம்பி. பொட்டி பிளக்குல இருக்குதா, வெளிய இருக்குதா?" பனிக்காலத்தில் இன்னொன்று சேரும். பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பி. "சுவிட்ச நிறுத்திட்டு வெரல வுடு. சூடாச்சான்னு அப்படியே வெரல வுட்டுப் பாக்கறவன் அப்பறம் எந்தத் தண்ணியையும் பாக்க மாட்டான்." இதைச் சிரித்த முகத்தோடுதான் சொல்வார். கேட்பவர்தான் தன் விரலைப் பார்த்துக்கொள்வார்.

டிக்கெட் கிழிக்கும் மெஷின் காகிதத்தை இழுத்துத் தரும் சில நொடியைக்கூட வீணாக்க மாட்டார். "காஸு லீக்காவுதான்னு தீக்குச்சியக் கிழிச்சுப் பாக்கறியாமே? சோப்புத் தண்ணியத் தடவிப் பாரும்மா, நொர முட்ட வுட்டா லீக்கு." இன்னொருவரிடம், "ஒங்க பையன் பத்தாவது முடிச்சிட்டான், காலேஜ் முடிச்சிட்டான், அடுப்பு டியூப்பு மட்டும் இன்னும் அதேதானா?" திட்டக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி ஒருநாள் பொறுக்க முடியாமல், "எங்க வீட்டு அடுப்பு ஒனக்கு எதுக்குய்யா? டிக்கெட்டக் குடு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மறுநாளிலிருந்து அவர் அரசுப் பேருந்தில் போகிறார்.

டிரைவர் வைத்திலிங்கம் இளவரசுக்கு மாமா முறை. சொந்தமெல்லாம் ஒன்றும் கிடையாது, வண்டியில் ஏற்பட்ட முறைதான். தனியார் பேருந்துக்கு டைமிங்தான் உயிர். பின்னால் வருகிற வண்டி முந்திவிட்டால் பி.முட்லூரில் ஆள் கிடைக்காது, முதலாளி போனில் கத்துவார். ஒவ்வொரு முறை யாராவது அடுப்பை மூட இறங்கும்போதும் வைத்திலிங்கம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, "மச்சான், நீ கண்டக்டரா, பயர் சர்வீஸா?" என்பார். ஆனாலும் விசில் வராமல் ஒரு அடி நகர்த்தியதில்லை.

இளவரசு தப்பு செய்ததே இல்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூக்கு விஷயத்தில் அவருக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்தி. ஒருநாள் புதுச்சத்திரம் தாண்டியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காஸு! காஸு நாத்தம்! எல்லாரும் எறங்குங்க! எவனும் பீடி பத்த வெக்காத!" என்று விசிலை விடாமல் ஊதினார். கைக்குழந்தைக்காரிகள் முதல் கைத்தடிக்காரர்கள் வரை வெயிலில் இறங்கி நின்றோம். வண்டியை நான்கு சுற்று சுற்றி வந்து, கடைசி சீட்டின் அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். புவனகிரி மளிகைக்கடைக்குப் போகும் பெருங்காயம். வைத்திலிங்கம் ஒரு வாரம் வரை அவரை "பெருங்காயம்" என்றே கூப்பிட்டார்.

உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம், வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டிருக்கிறேன். ஒரு கதை கிடைக்கும் என்கிற ஆசைதான். "ஒண்ணும் நடக்கல டீச்சர்" என்றார் இளவரசு. "நடந்தாத்தான் பயப்படணுமா?" எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தபோது அதைவிட நல்ல பதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது கேள்வியில்தான் தகராறு. "வெளக்க அணைச்சாச்சா?" என்பார்.

விளக்கை 'அணை' என்று நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதில்லை. மலையேற்று என்போம், குளிரவை என்போம். அதையும் வாயால் ஊதக் கூடாது. ஒரு பூவால் திரியை ஒற்றுவார்கள், அல்லது திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு ஏறும் பெண்களிடம் "அணைச்சாச்சா?" என்று ஒருவர் கத்தினால் எப்படி இருக்கும்? "நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவு" என்று ஏச்சு விழும். இளவரசு அசைய மாட்டார். "மலையேத்துறேன், குளிர வெக்கறேன்னு சுத்தி வளைச்சுப் பேசினா நெருப்புக்குப் புரியுமா? எரியுதா, அணைஞ்சிதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இந்த ஒரு சொல்லால்தான் அவருக்கும் பக்கத்து வீட்டுத் தைலம்மாளுக்கும் பேச்சு நின்றுபோனது.

தைலம்மாள் தனியாக இருப்பவர். அறுபதைத் தாண்டினாலும் குரலில் அது தெரியாது. இளவரசின் மகள் பிரியாவுக்கு மூன்று வயது வரை சோறு ஊட்டியது அவர்தான் என்று பவானி சொல்லுவார். பவானி என்பது இளவரசின் மனைவி, வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் தைலம்மாளிடம் இருக்கும். அதை வைத்துத்தான் இளவரசு பேருந்தில் எங்களுக்கெல்லாம், "சாவி ஒண்ணு பக்கத்து வூட்ல குடுத்து வைங்க. அவசரத்துக்குப் பூட்ட ஒடைக்காம உள்ள போவலாம்" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

போன கார்த்திகை தீபத்தன்று தைலம்மாள் வாசல் மதில்மேல் வரிசையாக அகல் ஏற்றி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். மதிலுக்கு மேலே கொடியில் நைலான் புடவை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வண்டியை விட்டு வந்த இளவரசு அதைப் பார்த்தார். புடவையை எடுத்து உள்ளே போட்டிருக்கலாம். பதற்றத்தில் அது தோன்றவில்லை. மதிலை ஒட்டியே நடந்து, ஒவ்வொரு அகலாக, விசில் ஊதிப் பழகிய வாயால் ஊதிக்கொண்டே போனார். தைலம்மாள் கோயில் பிரசாதத்தோடு தெருமுனை திரும்பியபோது கடைசி விளக்கும் போய்விட்டது. "அணைச்சிட்டேன்க்கா, இனிமே பயமில்ல" என்றார் இளவரசு. நன்றி வரும் என்று எதிர்பார்த்து நின்றாராம்.

"ஊதுறது ஒன் தொழிலுன்னா பஸ்ஸுல ஊது. கார்த்திகை வெளக்க வாயால ஊதுன ஆளு மொகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்று தைலம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். உங்கள் வீட்டுச் சாவியை உப்பனாற்றில் வீசிவிட்டேன் என்று மறுநாள் தெருவே கேட்கச் சொன்னார். அதன்பின் சிதம்பரம் போவதென்றால்கூட எங்கள் வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்காக வெயிலில் நிற்பார். வண்டிக்குள் இளவரசும், கீழே அவரும், இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்ப்பதை நான் எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். சாவியை யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல்லும் உபதேசம் அத்தோடு நின்றது. "இப்ப உங்க சாவி யாருகிட்ட இருக்கு?" என்று நான் கேட்டபோது இளவரசு விசிலை ஊதிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பவானியே எங்கள் வண்டியில் ஏறினார். சிதம்பரத்தில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பட்டுப்புடவையும், தலை கொள்ளாத மல்லிகையும், மடியில் வளையல் தாம்பாளமுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்டாட்டி என்று சலுகை காட்டுகிற ஆளா இளவரசு?

"காஸு?"

"மூடியாச்சு."

"ரெகுலேட்டர்லயா?"

"ஆமாங்க, ரெகுலேட்டர்லதான்."

"மோட்டாரு?"

"நிறுத்தியாச்சு. மானத்த வாங்காதீங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வெளக்கு?"

பவானி தாம்பாளத்தைச் சரிசெய்தார். "வெள்ளிக்கெழம வெளக்க ஏத்துன கையோட மலையேத்த முடியுமா? பிரியா வூட்ல இருக்குறா. காலேஜுக்குக் கெளம்பறப்ப மலையேத்திட்டுப் போவா."

"சொன்னியா?"

"சொல்லணுமா?"

"போனப் போடு."

பவானி போனைப் போட்டார். முன்னால் ஒரு லாரி, வைத்திலிங்கத்தின் ஏர்ஹாரன், பேருந்து ஸ்பீக்கரில் பாட்டு. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "பிரியா! வெளக்க மலையேத்திட்டுக் கெளம்புடி... ஆங்? மலையேத்திட்டு! வெளக்க!" என்று கத்தினார். சிறிது நேரம் கழித்து மறுபடி போட்டு, "ஏத்திட்டியா? சரி சரி" என்று வைத்தார். "ஏத்திட்டாளாம். போதுமா?" இளவரசு பேருந்து முழுவதற்கும், "நம்ம வூட்டு வெளக்கும் அணைஞ்சாச்சு" என்று அறிவித்தார். பவானி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பவானியின் போன் டிங் என்றது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிரியா ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாமி அலமாரியில் குத்துவிளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. கீழே, "நீ போனதும் எண்ணெய் இல்லாம நின்னுபோச்சு. நீ சொன்ன மாதிரியே ஏத்திட்டேன்மா. எண்ணெய் நெறைய ஊத்திருக்கேன், சாயங்காலம் வரைக்கும் நின்னு எரியும். வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிட்டேன்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள்.

ஏர்ஹாரனில் 'மலை' போய்விட்டது. 'ஏத்திட்டுக் கெளம்பு' மட்டும் மகள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மலையேற்று என்றால் ஒன்று, ஏற்று என்றால் அதற்கு நேர் எதிர். இந்தக் குழப்பம் வேறு எந்த ஊரில் நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பவானி படத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கணவரிடம் நீட்டினார். இளவரசு படத்தை விரலால் பெரிதாக்கினார். விளக்கைப் பார்க்கவில்லை, படத்தின் ஓரத்தைப் பார்த்தார். அலமாரியை ஒட்டிய கொடியில் தைத்து முடித்த முகூர்த்த ஜாக்கெட்டுகள் தொங்கின. தை மாதம் அல்லவா, எல்லாம் ஊரார் வீட்டுக் கல்யாணத் துணி. முதுகில் கட்டும் நாடாக்களின் குஞ்சங்கள் நேராகத் தொங்காமல் ஒரே பக்கமாக, விளக்கு இருக்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"காத்தாடி ஓடுது" என்றார் இளவரசு. "தல காய வெச்சிட்டு நிறுத்தாம போயிட்டா." சொல்லும்போது அவர் பல்லிடுக்கில் விசில் இல்லை. அடுத்த அறைதான் சமையலறை, சிலிண்டர் இருப்பது அங்கே. அவர் அதைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அவரிடம் பாடம் கேட்ட எங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

பிரியாவுக்குப் போட்டார். அன்று கல்லூரியில் பரீட்சை, படத்தை அனுப்பிய கையோடு போனை நிறுத்திவிட்டாள். மறுபடி போட்டார். அதே பதிவுக் குரல். அதற்குள் வண்டி ஓரம் கட்டி நின்றுவிட்டிருந்தது. யாரும் விசில் அடிக்கவில்லை. வைத்திலிங்கம் கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இன்ஜினையும் நிறுத்திவிட்டு, "டைமிங் கெடக்குது மச்சான். மொதல்ல வூட்டப் பாரு" என்றார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தைலம்மாவுக்குப் போடுங்க" என்றார் பவானி. "பூட்ட ஒடச்சாவது உள்ள போவச் சொல்லுங்க."

இளவரசு போட்டார். அந்தப் பக்கம் ஒரே மணியில் துண்டிக்கப்பட்டது. இன்னொரு முறை போட்டார். மறுபடி துண்டிப்பு. பவானியின் போனுக்கும் அதே மரியாதை. நான் என் போனை நீட்டினேன். வாங்கி எண்ணை அழுத்தியவர், அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டார்.

"யாரு?" என்றது தைலம்மாளின் குரல், பேருந்து முழுவதற்கும்.

"அக்கா, நான் அரசு. வெச்சிடாதக்கா. ஒன் காலுல வுழறேன், வெச்சிடாத."

அந்தப் பக்கம் குக்கர் ஒன்று விசில் அடித்து ஓய்ந்தது.

"எங்க வூட்ல ஆளு இல்ல. வெளக்கு எரியுது. காத்தாடி ஓடுது. துணியெல்லாம் பக்கத்துலயே தொங்குது. பூட்ட ஒடச்சு உள்ள போயி..." இளவரசு நின்றுவிட்டார். எந்தச் சொல்லை இத்தனை வருடம் பேருந்து அதிரக் கத்தினாரோ அந்தச் சொல் இப்போது வாயில் வரவில்லை. அந்தச் சொல்லுக்காகத்தானே தைலம்மாள் கதவைச் சாத்தினார்.

"உள்ள போயி?"

"மலையேத்திடுக்கா" என்றார் இளவரசு, மெல்ல.

"என்னாது? சரியா கேக்கல. ஏத்தணுமா?"

"ஐயோ, ஏத்தாதக்கா!"

"அணைச்சிடுங்க!" என்று முன் சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். "அணைங்கம்மா, அணைங்க!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். தலையில் பூவும் நெற்றியில் குங்குமமுமாக, அந்தச் சொல்லுக்காக இளவரசை ஏசியவர்களெல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள். எல்லோரையும் விட உரக்கக் கத்தியது பவானி. வளையல் தாம்பாளத்தை என் மடியில் தள்ளிவிட்டு, போனுக்குள் குனிந்து, "அணைச்சிடுக்கா! அணை!" என்றார்.

"புரியுது, புரியுது. கத்தாதீங்க" என்றார் தைலம்மாள். "இரு, என் அடுப்ப மூடிக்கறேன்."

அந்த நிலைமையிலும் இளவரசின் தலை சரிதான் என்பதுபோல ஆடியதை நான் பார்த்தேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. கேட் கிரீச்சிட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. "பூட்ட ஒடைக்க கல்லு வாசல்லயே கெடக்கும்க்கா" என்றார் இளவரசு.

"எதுக்கு ஒடைக்கணும்? சாவிதான் இருக்குதே."

"உப்பனாத்துல..."

"வீசுனேன்னு சொன்னேன். வீசிடுவேனா? புள்ளைய வளத்த வூடு."

பூட்டு திறந்தது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. போனிலிருந்து "அடியாத்தி" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பவானி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதையோ தட்டுகிற, கசக்குகிற சத்தம். பிறகு காத்தாடி ஓய்கிற சத்தம்.

"பூவால மலையேத்திட்டேன்" என்றார் தைலம்மாள். மூச்சு வாங்கியது. "பச்ச ஜாக்கெட்டு ஒண்ணோட குஞ்சத்துல பத்திக்கிச்சு. தோ இப்பத்தான் பத்தியிருக்கும் போல. கையாலயே கசக்கிட்டேன். குஞ்சந்தான் போச்சு, துணிக்கு வரல. காத்தாடி நிறுத்தியாச்சு. காஸு ரெகுலேட்டர்ல மூடிதான் இருக்குது. மோட்டாரு ஓடல. அயன் பொட்டி பிளக்க நானே புடுங்கிட்டேன். போதுமா? இனிமே டிக்கெட்டு குடுப்பியா?"

பேருந்து சிரித்தது, கைதட்டியது, ஒருவர் விசிலடித்தார். பவானி அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். இளவரசு மட்டும் சிரிக்கவில்லை. ஓடும் வண்டியில் ஒருபோதும் உட்காராத மனிதர், நிற்கும் வண்டியின் படியில் போய் உட்கார்ந்தார்.

"கை சுட்டுக்கிச்சாக்கா?"

"சுட்டா தேங்காயெண்ண இருக்குது."

"எண்ண போடாதக்கா. கொழாய்த் தண்ணியில கைய நல்லா காட்டு. ரொம்ப நேரம் காட்டு."

"சரி."

"அக்கா, அன்னிக்கி கார்த்திகைக்கு..."

"அதப் பேசாத. குக்கர்ல பருப்பு பாதியில நிக்குது" என்று தைலம்மாள் வைத்துவிட்டார்.

அந்த வாரம் பச்சை ஜாக்கெட்டுக்குப் பவானி புதுக் குஞ்சம் வைத்தார். சாமி அலமாரிப் பக்கம் இருந்த கொடி வாசல் பக்கம் போனது. நான்காவது கேள்வியும் கொஞ்சம் நீண்டுவிட்டது. "வெளக்கு ஏத்துனதா, மலையேத்துனதா? தெளிவா சொல்லும்மா, போன்ல சொல்லாத, நேர்ல சொல்லிட்டு வந்து ஏறு" என்கிறார். தான் சொன்ன சொல்தான் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, அந்தச் சொல்லை அவர் அவ்வளவாகச் சொல்வதில்லை. கேட்டால், "எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சில்ல டீச்சர்" என்கிறார். வைத்திலிங்கம்தான் இப்போது, "அணைச்சாச்சா மச்சான்?" என்று அவரை வம்புக்கு இழுக்கிறார்.

சென்ற வெள்ளிக்கிழமை முதுநகர் நிறுத்தத்தில் தைலம்மாள் நின்றுகொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் சின்னதாக ஒரு கட்டு. இடது கையில் ஒரு துணிப்பை. அடுத்த வண்டிக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்தோம். எங்கள் வண்டி நின்றதும் கம்பியைப் பிடித்து ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார்.

இளவரசு பக்கத்தில் போனார். கேட்பதற்கு முன்பே தைலம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மேலே தூக்கினார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து குலுங்கியது. அதில் இரண்டு வீட்டுச் சாவிகள் இருந்தன.

இளவரசு பின்படிக்கு வந்தார். ஏற வேண்டியவர்கள் ஏறியாயிற்று. வைத்திலிங்கம் கியரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இளவரசு வழக்கம்போல விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். முன் சீட்டில் தைலம்மாள் திரும்பிப் பார்த்தார். இளவரசு, அகல்களை ஊதிய அந்த வாயிலிருந்து விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வண்டியின் தகரத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.